பாம்புக்கு ஒரு வீடு

1980-ஆம் ஆண்டில் புனே நகரில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட ஓர் அறை அமைக்கப்பட்டது. நச்சுப் பாம்புகள் 72 அதனுள் விடப்பட்டன. நீலிம்குமார் கைரே என்னும் இளைஞர் அவற்றோடு 72 மணி நேரம் அவ்வறையிலேயே தங்கியிருந்து, கடிபடாமல் வெளியே வந்தார். துன்புறுத்தப்படாத பாம்பு தானாக நாடி வந்து மனிதனைக் கடிப்பதில்லை என்பதை மக்கள் கண்ணாரக் காணட்டும் என்பதே அவருடைய நோக்கம். உலக சாதனை என்று பத்திரிகைகள் அதனைப் புகழ்ந்தன. அந்த மனிதரின் துணிவைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அந்த மூன்று நாட்களும் அப்பாம்புகள் எவ்வாறு இருந்தன, பாம்பு ஒன்றுக்கு இருப்பிடம் என்று நாம் எதனைக் கருதி வந்திருக்கிறோம் என்பதைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. அந்த வரலாற்றைச் சிறிது ஆராய்வது இவ்வுரையின் கருத்து.

கட்கியில் வாழும் தமிழ் மக்களுக்கு இப்பொருள் அயலானதன்று. 1817-இல் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருத களம் இது. பின்னர் பாசறை நகரமாயிற்று. 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை தோன்றியது. இத்தொழிற்சாலையையும் படைப்பிரிவுகளையும் நாடித் தென்னாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. பழைய மரங்களும், புல் மண்டிய வெளிகளும், கிடங்குகளும், அருகே முளா ஆறும் உள்ள இடத்தில் எலியும் தவளையும் இருக்கும். அவை உள்ள இடத்தில் அவற்றை உண்ணும் பிராணியும் இருக்கும். ஆனி மாதத்தில் மழை இறங்கியதும் வளைகளில் நீர் புகுந்து பாம்புகள் மேட்டை நாடி வருவது ஆண்டுதோறும் நிகழ்வதே.

இக்காலத்தில் புதிதாக ஒரு கேள்வியும் எழுந்திருக்கிறது. மேனாடுகளில் இளைஞர்கள் கண்ணாடிப் பெட்டியில் பாம்பை வைத்து வளர்ப்பதைப் படங்களில் பார்த்த நம் வீட்டுப் பிள்ளைகள், நாமும் ஒன்று வளர்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். கேட்பவனை அதட்டி அடக்கிவிடுவது எளிது. ஆனால் இக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. அதனை அறிந்த பின் விடை கூறுவதே முறை.

நம் நாட்டில் பாம்புக்கு மனிதன் கொடுத்த முதல் வீடு கூடை. தமிழில் பாம்பாட்டி என்றும் பிடாரன் என்றும், மராட்டியில் காருடி என்றும் வழங்கப்படுபவர் தோளில் தொங்கவிட்டு வந்த மூங்கிற் கூடை அது. உள்ளே நாகம் சுருண்டு கிடக்கும். மூடியைத் திறந்ததும் படமெடுக்கும். மகுடியின் முனை அசையும் பக்கமெல்லாம் தானும் அசையும். இசைக்கு மயங்குகிறது என்று ஊரார் நம்பினார்கள். பாம்புக்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகள் சிலவற்றையுமே அது உணரும். மகுடியின் அசைவைக் கண்ணால் தொடர்ந்து, எதிரி என்று கருதி எச்சரிக்கையாக நிற்பதையே நாம் ஆட்டம் என்று பெயரிட்டு அழைத்தோம்.

கூடையில் ஒரு நன்மை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது இருட்டானது, குறுகலானது. உடல் நான்கு புறமும் எதன் மீதாவது படிந்திருந்தால்தான் பாம்பு அச்சமின்றி ஓய்வு கொள்ளும். அந்த வகையில், எட்டுத் திக்கும் வெளிச்சம் பாயும் வெறுங் கண்ணாடிப் பெட்டியை விடக் கூடையே மேலானது. ஆனால் நன்மை அத்தோடு முடிந்தது. கூடையில் நீர் இல்லை, வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர இடமில்லை, தூய்மை இல்லை. பெரும்பாலும் நச்சுப் பற்கள் பிடுங்கப்பட்டிருக்கும், சில வேளைகளில் வாயே தைக்கப்பட்டிருக்கும். அந்தப் புண்ணில் சீழ் பிடித்து, இரை கொள்ள இயலாமல் சில வாரங்களிலோ மாதங்களிலோ அப்பாம்பு மாண்டுபோகும். மாண்டதன் இடத்திற்கு வேறொன்றைப் பிடித்து வருவார்கள். பாம்பாட்டியிடம் பாம்பு வளர்ந்தது என்று சொல்வதைக் காட்டிலும், செலவாயிற்று என்று சொல்வதே பொருந்தும்.

பால் ஊற்றும் வழக்கமும் இதனோடு சேர்ந்ததே. நம் ஊரில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கும் பெண்டிர் பாம்பைக் கையால் தொடுவதில்லை; புற்றும் பாம்பும் அதனதன் போக்கில் விடப்படுகின்றன. மகாராஷ்டிரத்தில் சிராவண மாதத்து நாகபஞ்சமியன்று காருடிகள் வீதிதோறும் கூடையோடு வந்தபோது, நாகமே வாசலில் வந்து பால் அருந்தியதைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். பாம்பு பால் குடிக்கும் பிராணி அன்று. பால் அதற்குச் செரிப்பதுமில்லை. பல நாட்கள் நீரின்றி வாட்டப்பட்ட பாம்பு எந்தத் திரவத்தைக் கண்டாலும் வாய் வைக்கும். சாங்கிலி மாவட்டத்தில் பத்தீஸ் ஷிராலா என்னும் ஊரில் உயிருள்ள நாகங்களைப் பிடித்துவந்து ஊர்வலமாகக் கொண்டு சென்ற விழா நாடெங்கும் புகழ் பெற்றிருந்தது. பின்னர் வனவிலங்குச் சட்டத்தாலும் நீதிமன்ற ஆணைகளாலும் அவ்வழக்கம் தடைப்பட்டது.

கூடையிலிருந்து ஆராய்ச்சிக்குப் பாம்பு வந்து சேர்ந்த வழி நம் சோழமண்டலக் கரையின் வழியே சென்றது என்பது பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், இக்கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றி 1796-இல் பெரியதொரு படநூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது. எந்தப் பாம்பு நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்று அடையாளம் பிரித்துக் கூறுவதே அவருடைய முதல் நோக்கம். தஞ்சாவூர் மாத்திரை என்ற பெயரில் அக்காலத்தில் பாம்புக்கடிக்கு வழங்கி வந்த மருந்தையும் அவர் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். பாஷாணம் கலந்த அம்மாத்திரையை நம்பியவர்களின் கதி என்னவாயிற்று என்பதை ஊகிப்பது கடினமன்று.

மேனாட்டில் பாம்பை வைத்துப் பேணுவதும் தொடக்கத்தில் அறியாமை நிறைந்ததாகவே இருந்தது. உலகில் பாம்பு முதலிய ஊர்வனவற்றுக்கென்றே முதன்முதலாக ஒரு கட்டடம் 1849-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் திறக்கப்பட்டது. குளிர் தேசமாகையால் பாம்புகளுக்குக் கம்பளி கொடுத்தார்கள். தன் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக் கொள்ளும் பிராணிக்கே கம்பளி உதவும். பாம்பு வெளியிலிருந்து வெப்பத்தைக் கடன் வாங்கும் பிராணி. கம்பளியால் அதற்குச் சூடு பிறக்காது. அங்கே இருந்த பெரும்பாம்பு ஒன்று அக்கம்பளியையே இரை என்று விழுங்கிவிட்டுச் சில வாரங்கள் கழித்துக் கக்கியதாக அக்காலத்துக் குறிப்புகள் கூறுகின்றன. 1852-இல் எட்வர்ட் குர்லிங் என்ற காவலாளி, மது அருந்திய நிலையில் நாகத்தை எடுத்து விளையாடி, முகத்தில் கடிபட்டு மாண்டார். இந்தியாவிலிருந்து சென்ற நாகத்தைப் பற்றி லண்டன் மக்கள் கற்ற முதல் பாடம் இது.

முறையான மாற்றத்தைக் கொண்டு வந்தவர் ஒரு பெண்மணி. ஜோன் பீச்சம் புராக்டர் என்பவர் இளமை முதலே நோயாளி. பள்ளிப் பருவத்திலேயே ஊர்வனவற்றை வளர்த்துப் பழகியவர். லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, 1927-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தைத் தாமே திட்டமிட்டார். கட்டடம் முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பதை விட்டு, ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் மின்சாரத்தால் வெவ்வேறு வெப்பநிலை அமையும்படி செய்தார். வேண்டும்போது சூட்டை நாடவும், வேண்டாதபோது விலகவும் பாம்புக்கு இடம் கிடைத்தது. 34 வயதிலேயே அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் பாம்பு வளர்ப்போர் கைக்கொள்ளும் முதல் விதி அவர் கட்டடத்தில் செயலுக்கு வந்ததேயாகும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1890-களில் ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு அறிஞர், குதிரைக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் குருதியிலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். இதன் பின் பாம்பை உயிரோடு வைத்துப் பேண வேண்டிய தேவை அரசாங்கங்களுக்கே ஏற்பட்டது. மருந்துக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்குப் பாம்பு வேண்டும். பம்பாய்ப் பரேலில் 1899-இல் பிளேக் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1925-இல் தன் நிறுவனரின் பெயரைப் பெற்ற ஹாஃப்கின் நிறுவனத்தில் பாம்புகள் வைத்துப் பேணப்பட்டன. அங்கே பணியாற்றிய பி. ஜே. தேவ்ரஸ் 1965-இல் எழுதி வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய நூல், நேஷனல் புக் டிரஸ்டின் வாயிலாகப் பொதுமக்களிடம் சென்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்து என்பது நம் நாட்டு முறை. அம்மருந்தின் தேவை எத்தகையது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் உயிரிழந்தனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

இந்த மருந்துக்கு நஞ்சு தந்தவர்கள் யார் என்று கேட்டால், தமிழர்களாகிய நாம் பெருமையோடு கூறத்தக்க விடை ஒன்று உண்டு. செங்கற்பட்டுப் பகுதியின் இருளர்கள். மண்ணில் பதிந்த தடத்தையும், வளையின் வாயில் கிடக்கும் சட்டையையும், எச்சத்தையும் பார்த்து, உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று கூறும் திறன் அவர்களுடையது. அத்திறனை வாணிக உலகம் நெடுங்காலம் தோலுக்காகவே பயன்படுத்திக்கொண்டது. சாரையும் நாகமும் மலைப்பாம்பும் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டு, மேனாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைகளாகவும் காலணிகளாகவும் மாறின. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு நன்மை விளைந்தது. இருளருடைய அடுப்பு அணைந்தது. ஓர் உயிரைக் காக்கப் போடப்படும் சட்டம் அதனைச் சார்ந்து வாழ்ந்த மக்களை மறந்துவிடுவது நம் நாட்டில் புதிதன்று.

இங்கே ராமுலஸ் விட்டேக்கர் என்பவரின் பெயரைக் கூறியாக வேண்டும். அமெரிக்காவில் பிறந்து, சிறுவனாக இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானல் பள்ளியில் பயின்றவர். பின்பு அமெரிக்காவில் மயாமி நகரத்துப் பாம்புப் பண்ணையில் பில் ஹாஸ்ட் என்பவரிடம் தொழில் கற்றுத் திரும்பினார். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் தொடங்கிய அவருடைய பாம்புப் பண்ணை, 1972-இல் கிண்டிக்கு இடம் மாறியது. சென்னைக்குச் செல்லும் குடும்பங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கும் பாம்புப் பண்ணை அதுவே. இருளர்களின் கைத்திறன் வீணாகக்கூடாது என்று அவரும் அவருடைய தோழர்களும் முயன்றதன் பயனாக, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணையை ஒட்டி அது இயங்குகிறது.

அச்சங்கத்தில் பாம்புக்கு அளிக்கப்படும் வீடு மண்பானை. வாய்ப்புறம் துணியால் கட்டப்படும். வருகிறவர்கள் இதனைக் கண்டு, இவ்வளவுதானா என்று எண்ணக்கூடும். ஆனால் சிந்தித்துப் பார்த்தால் மண்பானையைப் போல் நம் தட்பவெப்பத்துக்கு உகந்த இருப்பிடம் வேறில்லை. நம் வீடுகளில் குடிநீர்ப் பானை ஏன் குளிர்ந்திருக்கிறதோ, அதே காரணத்தால் நுண்துளைகள் கொண்ட மண் கடற்கரை வெயிலிலும் கொதிப்பதில்லை. உள்ளே இருட்டு, வளையைப் போன்ற வளைந்த சுவர், துணியின் வழியே காற்று. பாம்பு அங்கே சில வாரங்களே தங்கும். குறித்த இடைவெளிகளில் நஞ்சு எடுக்கப்படும். பின்னர் வயிற்றுச் செதில் ஒன்றில் அடையாளம் வெட்டி, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மீண்டும் அகப்பட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். கூடையில் செலவான பாம்பு பானையில் விருந்தாளியாயிற்று. இருளர் குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே செல்லப் பிராணிகளாக இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகள், வளர்த்தவர்களால் கைவிடப்பட்டும் தப்பியோடியும், சதுப்புநிலக் காடுகளில் பெருகி, உள்நாட்டு விலங்குகளை அழித்து வந்தன. அவற்றைப் பிடிக்கும் வழி தெரியாமல் அறிவியலார் திகைத்திருந்த வேளையில் இவ்விருவரும் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆசைக்கு வாங்கி அலுத்தபின் விட்டுவிடப்படும் பிராணி எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்குப் புளோரிடாவை விடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

புனேக்குத் திரும்புவோம். இந்நகரில் விலங்குகளைக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பேஷ்வாக்கள் காலத்திலேயே பர்வதிக் குன்றின் அடிவாரத்தில் தொடங்கிவிட்டது. 1953-இல் நகரசபை அப்பகுதியில் பேஷ்வே பூங்காவை அமைத்தது. கண்ணாடி அறையில் அமர்ந்த கைரே, நகரசபையின் துணையோடு 1986-இல் காத்ரஜில் பாம்புப் பூங்கா ஒன்றை நிறுவினார். பின்னர் 1999-இல் திறக்கப்பட்ட ராஜீவ் காந்தி விலங்கியல் பூங்காவின் ஓர் உறுப்பாக அது ஆயிற்று. கட்கியிலிருந்து நகரைக் கடந்து தெற்கே செல்ல வேண்டும். பாதி நாள் ஒதுக்கினால் போதும். பாம்பு வேண்டும் என்று கேட்கும் பிள்ளையை முதலில் அங்கே அழைத்துச் செல்வது நலம். கூண்டைப் பார்க்கும்போது பாம்பை மட்டும் பாராமல், அதற்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டா, நீர்த்தொட்டி எங்கே இருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பாம்பு எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிடம் தேட வேண்டியிருந்தால் அது நல்ல கூண்டு.

இனிச் சட்டம். நம் நாட்டுப் பாம்பு எதனையும், நஞ்சற்ற சாரையாயினும் தண்ணீர்ப் பாம்பாயினும், வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. முதற் பட்டியலில் உள்ள உயிரைப் பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, ரூ.25,000-க்குக் குறையாத அபராதம். மண்ணுளிப் பாம்பு பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். மராட்டியில் மாண்டூள் என்பார்கள். வால் மொண்ணையாக இருப்பதால் இருதலைப் பாம்பு என்று பெயர் வந்தது. அதனை வைத்திருந்தால் செல்வம் கொழிக்கும் என்று கூறி லட்சக்கணக்கில் விலை பேசும் கூட்டங்கள் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் உண்டு. வாங்குபவனிடம் எஞ்சுவது ஏமாற்றமும் வழக்கும்தான்.

அயல்நாட்டுப் பாம்புகளின் நிலை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் பந்துப் பாம்பு, அச்சம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு வகை. அமெரிக்காவின் சோளப் பாம்பு, மெல்லிய செந்நிறப் பாம்பு. இரண்டுக்கும் நஞ்சில்லை, முதல் முறையாக வளர்ப்போருக்கு மேனாட்டில் பரிந்துரைக்கப்படுபவை இவையே. அனைத்துநாட்டு வாணிக உடன்படிக்கையின் கீழ் வரும் பந்துப் பாம்பு போன்ற உயிர்களை வைத்திருப்போர் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. குட்டி பிறந்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடத்தல் வழியே வந்ததன்று என்பதற்குச் சான்று காட்ட இயலாத விற்பனையாளரிடம் வாங்குவது சிறுமை. பெட்டிகளில் அடைபட்டு வழியிலேயே மாளும் உயிர்களின் விலையும் அதில் அடக்கம்.

இவ்வளவுக்குப் பின்னும் சட்டப்படி பதிவான பாம்பு ஒன்று கையில் இருக்குமானால், அல்லது அயல்நாட்டில் வாழும் உறவினர் வீட்டில் இருக்குமானால், அதன் வீடு எவ்வாறிருக்க வேண்டும்? பெட்டி வாங்கி, அதில் வெப்பநிலை நிலைபெற்ற பின்னரே பாம்பு வர வேண்டும். பாம்பை வாங்கி வந்துவிட்டுப் பெட்டி தேடுவது, குழந்தை பிறந்த பின் தொட்டிலுக்கு மரம் வெட்டப் போவதைப் போன்றது. பெட்டியின் நீளம், வளர்ந்த பாம்பு தன் உடலை நீட்டிக் கிடக்க இடம் தருவதாக இருத்தல் நலம். குட்டியை மட்டும் மிகப் பெரிய வெறும் பெட்டியில் விட்டால் அஞ்சி இரை எடுக்காது. அதற்கு மறைவிடங்கள் நிறைய வேண்டும். மூடி பூட்டு உடையதாக இருத்தல் இன்றியமையாதது. தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடல் நுழைந்துவிடும். மூடிமேல் புத்தகத்தை அடுக்கி வைப்பது பூட்டாகாது.

பெட்டியின் ஒரு கோடி சூடாகவும் மறு கோடி குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பந்துப் பாம்புக்குச் சூடான பக்கம் 31 அல்லது 32 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 அல்லது 26 பாகை. சோளப் பாம்புக்கு இதனினும் இரண்டு மூன்று பாகை குறைவு போதும். புனேயின் தட்பவெப்பம் இதற்கு ஒத்துவருவதில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவில் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. சித்திரையில் பகல் 40 பாகையை எட்டும். ஆகவே குளிர்காலத்தில் வெப்பம் ஊட்டவும் கோடையில் தணிக்கவும் வழி வேண்டும். வெப்பத் தகட்டையோ விளக்கையோ தெர்மோஸ்டாட் என்னும் கருவியின்றி இணைக்கலாகாது. பாம்பின் வயிறு சூட்டைத் தாமதமாகவே உணர்வதால், தீய்ந்துபோகும் வரை அங்கேயே படுத்திருக்கும். சூடான கல் என்று கடைகளில் விற்பதைத் தவிர்ப்பது நல்லது. மின்தடை மிகுந்த வட்டாரத்தில் இருப்போர் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கோடியிலும் ஒரு மறைவிடம் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், சூடும் மறைவும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலை பாம்புக்கு வந்துவிடும். கவிழ்த்த சிறு மண்சட்டியில் வாயில் ஒன்று உடைத்துவிட்டால் போதும். விலை கொடுத்து வாங்கும் அலங்காரக் குகையை விட அது குறைந்ததன்று. கனமான, கவிழாத கிண்ணத்தில் நல்ல நீர் நாள்தோறும் மாற்றப்பட வேண்டும். தரைக்குத் தாள் விரிக்கலாம். தேவதாரு முதலிய மணமுள்ள மரத்தூள் மூச்சுக்குழலைத் தாக்கும். சட்டை உரிக்கும் முன் கண்கள் பால் படர்ந்தாற்போல் மங்கும். அப்போது தொடக்கூடாது, ஈரப்பதம் சிறிது கூடுதலாக இருக்கட்டும். சட்டை துண்டு துண்டாக உரிந்தால் காற்று வறண்டிருக்கிறது என்பது பொருள்.

உணவைப் பற்றி நம்மவர் தயங்குவது இயல்பு. பாம்பு முழுமையான இரையை உண்ணும் பிராணி. சோறோ, பாலோ, காய்கறியோ அதற்கு உணவாகாது. பாம்பின் உடற் பருமனுக்கு ஏற்ற எலியை, முன்பே கொன்று உறைய வைத்ததை, இளஞ்சூடாக்கி, இளம் பாம்புக்கு வாரம் ஒருமுறையும் வளர்ந்ததற்கு இன்னும் நீண்ட இடைவெளியிலும் கொடுக்க வேண்டும். உயிருள்ள எலியை விட்டால் மூலையில் அடைபட்ட எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். இரை கொண்டபின் இரண்டு நாள் கையில் எடுத்தல் கூடாது, கக்கிவிடும். சமையலறையில் எலியை உறைய வைக்கும் பேழைக்கு இடமில்லாத வீட்டில் பாம்புக்கும் இடமில்லை என்று கொள்ளலாம். பாம்பைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவது கட்டாயம். ஊர்வனவற்றின் உடலில் வாழும் சால்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்கு நோய் தரும்.

யாவற்றிலும் பெரிய கேள்வி காலம். சோளப் பாம்பு 15 முதல் 20 ஆண்டு, பந்துப் பாம்பு 20 முதல் 30 ஆண்டு வாழக்கூடும். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு, அவன் மேற்படிப்புக்கு வெளியூர் செல்லும்போதும், வேலை மாற்றலில் வேறு மாநிலம் போகும்போதும் உயிரோடிருக்கும். நம்மைப் போல் மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று. மொழிபெயர்ப்பாளர்கள் செல்லப் பிராணி என்று எழுதிவிடுகிறோம். நாயோ பூனையோ அச்சொல்லுக்கு ஏற்ப நம்மிடம் செல்லம் கொண்டாடும். பாம்பு அவ்வாறு செய்வதில்லை; பழகினால் நம் கையைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே. நம்மிடம் அது எதிர்பார்ப்பது சூடும் நீரும் இருளும் அமைதியும்.

வளர்க்காதவர் வீட்டுக்கும் மழைக்காலத்தில் பாம்பு வரும். கட்கியில் அண்டை வீட்டார் மராட்டியில் கூச்சலிடும்போது எது வந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளச் சில பெயர்கள் தெரிந்திருப்பது நல்லது. தாமண் என்றால் சாரை; திவட் என்றால் தண்ணீர்ப் பாம்பு; இரண்டிற்கும் அஞ்ச வேண்டியதில்லை. நாக் என்பது நாகம். மண்யார் என்பது கட்டுவிரியன். இரவில் உலவி, தரையில் படுத்திருப்போரைக் கடிப்பது, கடித்த இடத்தில் வலியே இல்லாமலும் இருக்கும். கோணஸ் என்பது கண்ணாடி விரியன். புர்ஸே என்பது சுருட்டை விரியன். சில நேரங்களில் அண்டை வீட்டாரின் அடையாளமும் தவறாக இருக்கும் என்பதால், பெயரைக் கேட்ட அளவில் அருகே செல்லலாகாது. கடிபட்டவரைக் கிடத்தி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, கீறாமல், இறுகக் கட்டாமல், மந்திரிப்பவரிடம் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பு இருக்கும் அறையின் கதவைச் சாத்தி, கதவின் அடியில் துணியைத் திணித்து, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, வனத்துறைக்கோ, இம்மாநிலத்தில் சர்ப்பமித்ரர் என்று அழைக்கப்படும் பாம்பு மீட்போருக்கோ சொல்லி அனுப்பலாம். அவர் பையோடும் கோலோடும் வந்து, பிடித்த பாம்பை வாழிடம் பார்த்து விட்டுவிடுவார். அவர் வரும் வரை கதவைத் திறந்து திறந்து பார்க்காமலிருந்தால் போதும்.